ஆச்சியின் வரிக்கு மேலும் கீழும் படியுங்கள்

கேள்வி: எஸ்ஐஆர் (வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம்) படிவம் நிரப்புவதற்காக 2002 வாக்காளர் பட்டியலைத் தேடியபோது, திருச்செந்தூர் பக்கம் உள்ள எங்கள் சொந்த ஊர்ப் பட்டியலில் அப்பாவைப் பெற்ற ஆச்சியின் பெயர் கிடைத்தது. ஆச்சி 2006-ல் தவறிவிட்டார். பட்டியலில் வயது 58 என்று இருக்கிறது, ஆனால் 2005 ரேஷன் கார்டில் 70. கணவர் பெயர் சுடலைமுத்து என்று போட்டிருக்கிறார்கள். தாத்தா 1983-ல் இறந்தார், அவரை வீட்டில் எல்லோரும் துரைச்சாமி என்றுதான் சொல்வார்கள். அதே வீட்டு எண்ணில் பெரியப்பா (47) இருக்கிறார், கூடவே எங்களுக்குத் தெரியாத ஒருவர், வயது 50, அவருக்கும் தந்தை பெயர் சுடலைமுத்து! இது யார்? அப்பா இப்போது இல்லை, பெரியப்பாவிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. 1952 வரை பழைய பட்டியல்களைத் தேடிப் போக முடியுமா? ஆச்சி பிறந்த வீடு தோவாளைப் பக்கம் என்பதைத் தவிர அந்த வழியில் எதுவும் தெரியாது. – ஆவடியிலிருந்து ஒரு வாசகர்

பதில்:

எஸ்ஐஆர் வந்ததில் இருந்து இந்த மாதிரிக் கடிதங்கள் நிறைய வருகின்றன. படிவத்துக்காகத் தேடப் போனவர்கள் தாத்தா பாட்டியை அச்சில் பார்த்துவிட்டு அங்கேயே நின்றுவிடுகிறார்கள். நில்லுங்கள், தப்பில்லை. ஆனால் உங்கள் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் ஆச்சியின் வரியையும் அந்த வீட்டு எண்ணையும் மட்டும் படித்துவிட்டு பைலை மூடிவிட்டீர்கள் என்று தெரிகிறது. வாக்காளர் பட்டியலை வம்சாவளி மாதிரி படிக்கக் கூடாது. அது ஒரு தெருவில் ஒரு வருடத்தில் யார் யார் இருந்தார்கள் என்ற கணக்கு, அதனால் தெருவையே படிக்க வேண்டும். ஆச்சியின் வரிக்கு மேலே இருபது வரி, கீழே இருபது வரி, அப்புறம் பாகத்தின் கடைசியில் இருக்கும் துணைப் பட்டியல், இவ்வளவும் படித்தால்தான் அந்த ஒரு வரி எவ்வளவு நம்பத் தகுந்தது என்றே சொல்ல முடியும்.

முதலில் அந்த பிடிஎஃப் முழுவதையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஆச்சி பெயர் உள்ள பக்கத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதாது. முதல் பக்கத்தில் தொகுதி, பாகம், அந்தப் பாகத்தில் அடங்கிய தெருக்கள், வாக்குச்சாவடி விவரம் எல்லாம் இருக்கும், பின்னால் எந்த அலுவலகத்துக்குப் போனாலும் அதைத்தான் கேட்பார்கள். தொகுதி, பாகம் எண், வரிசை எண், ஆண்டு, இந்த நான்கையும் எழுதி வைக்காத பதிவு கிடைக்காத பதிவுக்குச் சமம்.

சரி, வயதுக்கு வருகிறேன்.

பட்டியலில் உள்ள வயது அந்த ஆண்டு ஜனவரி 1 அன்றைய வயது. ஆனால் பிறந்த தேதி தெரியாத தலைமுறைக்கு அது கணக்கெடுக்க வந்தவர் கேட்டு எழுதியது, இல்லை என்றால் பார்த்து எழுதியது. அந்தப் பக்கத்தில் வயதுப் பத்தியை மட்டும் மேலிருந்து கீழே ஒரு ஓட்டம் பாருங்கள், 50, 55, 60, 65 என்று ஐந்தும் பத்துமாகக் குவிந்து கிடந்தால் அந்தப் பாகத்தில் வயது எல்லாமே குத்துமதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். உங்கள் விஷயத்தில் அது கூடத் தேவையில்லை. ஆச்சிக்கு 58, பெரியப்பாவுக்கு 47. அப்படியானால் பதினோரு வயதில் பிள்ளை பெற்றிருக்க வேண்டும். ஆக 58 தப்பு. ரேஷன் கார்டு சொல்வதை எடுத்துக்கொண்டால் ஆச்சி 1935 வாக்கில் பிறந்தவர், பெரியப்பா 1954 வாக்கில், அதாவது ஆச்சிக்குப் பத்தொன்பது வயது இருக்கும்போது. இது பொருந்துகிறது. பெரியப்பாவின் பள்ளிச் சான்றிதழில் பிறந்த தேதி இருந்தால் இன்னும் உறுதியாகும். பள்ளியில் சேர்க்க வயதைக் கூட்டிச் சொன்ன காலம் அது என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தக் கணக்கிலேயே இன்னொரு பதிலும் வந்துவிட்டது. 1989 வரை வாக்குரிமை வயது 21. 1935-ல் பிறந்த ஆச்சி 1952 தேர்தலில் வாக்காளரே இல்லை. அவர் முதன்முதலில் வந்திருக்கக்கூடிய பொதுத் தேர்தல் 1957, அதுவும் கணவர் ஊரில், கணவர் பெயரோடு. இருபத்தொன்றுக்கு முன்பே கல்யாணமாகிப் போன அந்தத் தலைமுறைப் பெண்கள் பிறந்த ஊரின் பட்டியலில் ஒரு தடவை கூட வந்திருக்க மாட்டார்கள். அதனால் தோவாளைப் பக்கம் ஆச்சியின் பெயரைத் தேடி நேரத்தைச் செலவழிக்காதீர்கள், அங்கே வேறு ஒருவரைத் தேட வேண்டும். அதைக் கீழே சொல்கிறேன்.

சுடலைமுத்துவா துரைச்சாமியா? இதற்கு மூன்று நான்கு விளக்கம் உண்டு. அதில் எளியது, பட்டியலைத் தட்டச்சு செய்யும்போது வரி நழுவிவிட்டது என்பது. உறவினர் பெயர்ப் பத்தியில் அடுத்த வீட்டுக்காரர் பெயர் ஏறிவிடும். மேல் வரியிலும் கீழ் வரியிலும் உள்ள உறவுப் பெயர்கள் அந்தந்த ஆளுக்குப் பொருந்துகின்றனவா என்று பார்த்தால் தெரிந்துவிடும். அதைவிட முக்கியம், பெரியப்பாவின் வரியில் தந்தை பெயர் என்ன என்று நீங்கள் எழுதவே இல்லை. அங்கேயும் சுடலைமுத்து என்று இருந்தால் வரி நழுவிய பேச்சுக்கே இடமில்லை, தாத்தாவின் பதிவுப் பெயர் அதுதான். பெரியப்பாவின் இனிஷியல் சு-வா து-வா என்று கூடவா உங்களுக்குத் தெரியாது? அதைப் பாருங்கள் முதலில்.

அடுத்தது நம்முடைய வழக்கம். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்பார்கள். ஆனால் மாமனார் பெயரைச் சொல்லி மருமகள் பிள்ளையை அதட்ட முடியாது, அதனால் வீட்டில் கூப்பிட வேறு பெயர். துரைச்சாமி, ராசா, தம்பி, இப்படி ஏதாவது ஒன்று நிலைத்துவிடும். காகிதத்தில் மட்டும் பழைய பெயர் இருக்கும். தென் மாவட்டங்களில் நான் பார்த்த குடும்பங்களில் இரண்டு பெயர் இல்லாத பெரியவர்தான் அபூர்வம். தவிர, கணவர் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை உங்கள் ஆச்சி. கணக்கெடுக்க வந்தவரிடம் பெயரைச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரராகவோ பள்ளிக்கூடப் பிள்ளையாகவோ இருந்திருக்கலாம், யார் சொன்னார்களோ அவர்களுக்குத் தெரிந்த பெயர்தான் பட்டியலில் ஏறும்.

இதே வழக்கம்தான் அந்த ஐம்பது வயதுக்காரர் யார் என்பதற்கும் ஒரு விளக்கம் தருகிறது. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கு மூத்த மகன் பிறந்தால் இரண்டு பையன்களுக்கும் ஒரே தாத்தாவின் பெயர்தான். ஒரே வளவுக்குள் இரண்டு சுடலைமுத்து. அப்போது ஒருவரைத் துரைச்சாமி என்று கூப்பிட்டே ஆக வேண்டும். உங்களுக்குத் தெரியாதவர் தாத்தாவின் பெரியப்பா மகனோ சித்தப்பா மகனோ ஆன இன்னொரு சுடலைமுத்துவின் பிள்ளையாக இருக்க நல்ல வாய்ப்பு இருக்கிறது. இன்னொரு சாத்தியமும் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் எழுதாமல் விட்டிருக்கிறீர்கள்: தாத்தாவுக்கு முதலில் ஒரு கல்யாணம் ஆகியிருக்கலாம். இப்போதைக்கு இரண்டையும் சமமாகவே வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வீட்டு எண் என்பதை வைத்து ஒரே குடும்பம் என்று முடிவு கட்ட முடியாது. கிராமத்தில் அந்த எண் பெரும்பாலும் பஞ்சாயத்து வீட்டு வரி எண், ஒரே எண்ணில் மூன்று அடுப்பு எரியும்.

இதைப் பட்டியலை வைத்தே ஓரளவு தீர்க்கலாம். அதே வீட்டு எண்ணில், இல்லை என்றால் அடுத்தடுத்த எண்களில், கணவர் பெயர் சுடலைமுத்து என்று இன்னொரு பெண் இருக்கிறாரா? எழுபதைத் தாண்டிய ஒரு சுடலைமுத்து உயிரோடு இருக்கிறாரா? இருந்தால் அவருக்குத் தந்தை பெயர் என்ன? அந்த ஐம்பது வயதுக்காரரின் மனைவி மக்கள் எந்த எண்ணில் இருக்கிறார்கள்? துணைப் பட்டியலையும் விடாதீர்கள். புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகள், பதினெட்டு முடிந்த பிள்ளை எல்லாம் தெரு வரிசையில் வராமல் கடைசியில் சேர்த்தல் பகுதியில்தான் இருப்பார்கள். நீக்கல் பகுதியில் இறந்தவர்களும் ஊரை விட்டுப் போனவர்களும் இருப்பார்கள், பிற்காலத்துப் பட்டியல்களில் இறப்புக்கு ஈ, இடம் மாறியதற்கு எஸ், இரட்டைப் பதிவுக்கு ஆர் என்று ஆங்கில எழுத்துக் குறியே போட்டிருப்பார்கள். ஒருவர் ஒரு வருடப் பட்டியலில் இருந்து அடுத்ததில் ஈ என்ற குறியோடு நீக்கப்பட்டிருந்தால், இறப்புச் சான்று தேட வேண்டிய காலம் ஓரிரு வருடமாகச் சுருங்கிவிடும்.

இப்போது ஆச்சியின் பிறந்த வீடு. இதுதான் உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, ஏனென்றால் நீங்கள் ஒன்றும் தெரியாது என்று எழுதியிருக்கும் இடத்தில்தான் பட்டியல் நன்றாக உதவும்.

பட்டியலில் பெண்ணுக்குக் கணவர் பெயர் வந்துவிடுவதால் தகப்பன் பெயர் மறைந்துவிடுகிறது. ஆனால் அவளுடைய அண்ணன் தம்பிக்கு மறைவதில்லை. உங்கள் அப்பாவின் தாய்மாமன்கள் பெயர் தெரிந்தால் போதும். அவர்களில் ஒருவர் 2002-ல் உயிரோடு இருந்திருந்தால் அவர் வரியில் தந்தை பெயர் முழுசாக அச்சாகியிருக்கும், அவர்தான் உங்கள் ஆச்சியின் அப்பா. தாய்மாமனுக்கு 2002-ல் 75 வயது என்று வைத்துக்கொண்டால் 1927-ல் பிறந்தவர், அவருடைய தகப்பனார் 1900-ஐ ஒட்டிப் பிறந்தவர். அதாவது இன்று வீட்டில் உட்கார்ந்து இலவசமாக இறக்கும் ஒரு பட்டியலில் நூற்றிருபது வருடத்துக்கு முந்தைய ஆளின் பெயர் கிடக்கிறது. 1952 பட்டியல் வேண்டும் என்று தேடிப் போகிற பலர் கையில் இருக்கிற 2002-லேயே இவ்வளவு ஆழம் இருக்கிறது என்று கவனிப்பதில்லை. எண்பது, தொண்ணூறு வயதுக்காரர்களின் தந்தை பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள், ஊரின் இரண்டு தலைமுறை முந்தைய முகவரிப் புத்தகம் மாதிரி இருக்கும்.

தாய்மாமன் பெயர் எங்கே கிடைக்கும் என்றால் கல்யாணப் பத்திரிகையில், மொய் நோட்டில். பெரியப்பா கல்யாணத்து மொய் நோட்டு, அத்தைகள் யாருக்காவது சடங்கு வைத்த நோட்டு எங்காவது பரணில் இருக்கும், தாய்மாமன் மொய் முதல் பக்கத்திலேயே ஊர்ப் பெயரோடு இருக்கும். அந்த ஊர் கிடைத்ததும் 2002-ல் இருந்த கன்னியாகுமரி, நாகர்கோவில் தொகுதிகளின் பாகப் பட்டியலைத் திறந்து அந்த ஊரைத் தேடுங்கள். பெயரைத் தட்டித் தேடினால் பெரும்பாலும் சிக்காது. செல்லம்மாள், செல்லம்மா, செல்லம் மூன்றும் ஒரே ஆளாக இருப்பார்கள், ஆங்கில எழுத்தில் மாற்றும்போது இன்னும் கெட்டுப்போயிருக்கும். பக்கம் பக்கமாகக் கண்ணால் பார்ப்பதுதான் வழி.

தொகுதி விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. 2008 மறுவரையறையில் தமிழ்நாட்டுத் தொகுதிகள் கலைந்து மாறின. சாத்தான்குளம், சேரன்மகாதேவி, கடலாடி, இளையான்குடி, சேடப்பட்டி என்று பல தொகுதிகள் இப்போது இல்லவே இல்லை. இன்றைய தொகுதிப் பெயரை வைத்துக்கொண்டு 2002-ஐத் தேடினால் ஊர் கிடைக்காது. ஆச்சியின் பழைய அடையாள அட்டை இருந்தால் அதன் எண்ணைப் பாருங்கள். டிஎன் என்று தொடங்கி சாய்வுக்கோடு போட்டு எண்களாகப் போகும் பழைய வகை என்றால் நடுவில் உள்ள எண்கள் அன்றைய நாடாளுமன்ற, சட்டமன்றத் தொகுதிகளைக் குறிப்பவை.

1952 பற்றிக் கேட்டிருந்தீர்கள். ஆச்சி இருக்க மாட்டார் என்று சொல்லிவிட்டேன், தாத்தா 1929-க்கு முன் பிறந்திருந்தால் இருக்கலாம், அவருடைய அப்பா உயிரோடு இருந்திருந்தால் நிச்சயம் தேடத் தகுந்தவர். முதல் பொதுத் தேர்தல் பட்டியலில் சுமார் 17 கோடி பேர் இருந்தார்கள், 21 முடிந்த எல்லோருக்கும் வாக்கு என்பது அப்போதுதான் வந்தது. அந்தப் பட்டியல் தயாரானபோது நாடு முழுவதும் ஏறக்குறைய 28 லட்சம் பெண்கள் தம் பெயரைச் சொல்லாமல் இன்னாரின் மனைவி, இன்னாரின் மகள் என்று மட்டும் சொன்னதால் விடுபட்டார்கள். ஆனால் அவர்களில் பெரும்பாலோர் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் முதலிய வட மாநிலங்களில், எனவே உங்கள் கொள்ளுப்பாட்டி அங்கே இல்லை என்றால் அதைக் காரணமாகச் சொல்ல முடியாது. அதற்கு முந்தைய 1937, 1946 தேர்தல்களில் வரி கட்டியவர், சொத்துள்ளவர், படித்தவர் என்று கொஞ்சம் பேருக்குத்தான் வாக்கு, முகமதியர், இந்தியக் கிறிஸ்தவர் போன்றவர்களுக்குத் தனித் தொகுதி. அந்தப் பட்டியலில் பெயர் இருந்தால் சொத்துக்கோ படிப்புக்கோ அது ஒரு தடயம். இல்லை என்றால் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வராதீர்கள்.

தோவாளை வழியில் இன்னொன்று: 1956 நவம்பர் 1 வரை அந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்தது. அதற்கு முந்தைய தேர்தல் காகிதமோ நிலக் காகிதமோ வேண்டும் என்றால் விசாரணை திருவனந்தபுரம் வரை போகும், மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும்.

ஆனால் உங்கள் குழப்பத்தைத் தீர்க்க 1952 தேவையே இல்லை. தாத்தா உயிரோடு இருந்த காலத்துப் பட்டியல் ஒன்று, 1977-ஓ 1980-ஓ, ஒன்றே ஒன்று கிடைத்தால் போதும். ஒரே வீட்டில் இரண்டு சுடலைமுத்து, வேறு வேறு தந்தை பெயர் என்று இருந்தால் இரண்டு ஆட்கள். ஒரே சுடலைமுத்து, அவருக்குக் கீழே இரண்டு மனைவியர் என்று இருந்தால் அதுவும் தெரிந்துவிடும். 1960-ம் ஆண்டு வாக்காளர் பதிவு விதிகளில் 32-வது விதியைப் பாருங்கள், சான்றளிக்கப்பட்ட பட்டியலின் ஒரு முழுப் பிரதியை நிரந்தர ஆவணமாக வைக்கச் சொல்கிறது. அவற்றைப் பார்வையிடவும் கட்டணம் கட்டிச் சான்றிட்ட நகல் வாங்கவும் 33-வது விதி உரிமை தருகிறது. இந்த இரண்டு விதிகளையும் குறிப்பிட்டு மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்கு, தேர்தல் பிரிவு என்று போட்டு, ஒரு மனு எழுதுங்கள். எந்தத் தொகுதி, எந்த ஊர், எந்த ஆண்டு என்று ஒன்றை மட்டும் கேளுங்கள், எல்லா ஆண்டும் வேண்டும் என்று கேட்டால் மனு அப்படியே கிடக்கும். பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், அந்தப் பட்டியல் எந்த அலுவலகத்தின் ஆவண அறையில் இருக்கிறது என்று கேளுங்கள். நகல் கேட்பதற்கு முன் இருக்குமிடம் கேட்பது நல்லது. பழைய காகிதம், எல்லா இடத்திலும் முழுசாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். 1986-க்கு முன் உங்கள் ஊர் திருநெல்வேலி மாவட்டம் என்பதால் தூத்துக்குடியில் இல்லை என்றால் அங்கேயும் விசாரிக்க வேண்டும்.

அது நடக்கும்போதே பக்கத்தில் செய்ய வேண்டியது: கிராம நிர்வாக அலுவலரிடம் அந்த வீட்டு மனைக்கும் நிலத்துக்கும் அ-பதிவேடு (கிராம நிலப் பதிவேடு), பழைய பட்டாவில் கூட்டுப் பெயர்கள் யார் என்று பாருங்கள். சார்பதிவாளர் அலுவலகத்தில் பாகப்பிரிவினைப் பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் உறவு முறை வரிக்கு வரி எழுதியிருக்கும், பட்டியலைவிட நூறு மடங்கு நம்பலாம். குடும்பத்தில் கிறிஸ்தவக் கிளை இருந்தால் கோயில் ஞானஸ்நானப் பதிவேடு இன்னும் பழசு. உங்கள் பகுதியில் முதலூர் 1799-லேயே உருவான கிறிஸ்தவ ஊர், சுற்றுவட்டாரத்தில் பழைய பதிவேடுகளுக்குப் பஞ்சமில்லை.

கடைசியாக அந்த ஐம்பது வயதுக்காரர். அவர் இருந்தால் இப்போது எழுபத்து நாலு வயது ஆகியிருக்கும். அவருடைய வரியில் அட்டை எண் இருந்தால் அதை வைத்து இப்போதைய பட்டியலில் தேடலாம், அதில் ஒன்றும் தப்பில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு இது யார் என்று கேட்டுவிடாதீர்கள். உயிரோடு இருப்பவர்களின் வயதும் வீட்டு எண்ணும் அதில் இருக்கிறது, தவிர அது ஒருவருடைய அம்மாவின் கல்யாணத்தைப் பற்றிய கேள்வியாகவும் இருக்கக்கூடும். பெரியப்பாவிடம் நேரில் போங்கள். அந்த ஆளைப் பற்றி எடுத்த எடுப்பில் கேட்க வேண்டாம். பட்டியலின் அச்சுப் பிரதியைக் கொடுத்து, தெருவில் முதல் வீட்டில் இருந்து ஒவ்வொரு பெயராக அவரைப் படிக்கச் சொல்லி, இவர் யார், இவர் நமக்கு என்ன முறை என்று கேட்டுக்கொண்டே வாருங்கள், பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொள்ளட்டும், முடிந்தால் பேச்சைப் பதிவு செய்துகொள்ளுங்கள். உங்கள் வீட்டு எண் வரும்போது அவரே சொல்வார். சொல்லாமல் அடுத்த பெயருக்குப் போனால் நீங்களும் அடுத்த பெயருக்குப் போய்விடுங்கள், 1980 பட்டியலுக்கு மனு போட்டிருக்கிறீர்கள் அல்லவா, அது வரட்டும்.